குதிரைக்கு அடிக்கடி வயிற்றுவலி வருகிறது, ஊசி போட்டால் நிற்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இருக்கும் விவரம் இது: 6 வயது மார்வாரி இனக் குதிரை, சுமார் 350 கிலோ. கடற்கரைப் பக்கம் மணல் தரை லாயம். இரண்டு வேளை கொள்ளும் கோதுமைத் தவிடும், இரவுக்கு வைக்கோல். 2 மாதத்தில் 4 முறை வலி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வலி ஊசியில் சரியாகிவிட்டது.

ஊசி வலியைத்தான் நிறுத்துகிறது, காரணம் உள்ளேயே இருக்கிறது. அதைத் தேட வேண்டியது ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடைப்பட்ட நாட்களில். அதற்கு முதலில் ஒரு நோட்டு வேண்டும். வலி தொடங்கிய மணி, அதற்கு முன் எப்போது என்ன தின்றது, எத்தனை வாளி தண்ணீர் குடித்தது, கடைசியாக லத்தி போட்டது எப்போது, அது எப்படி இருந்தது என்று எழுதுங்கள். வலி வந்ததும், ஊசிக்கு முன்பே நாடித்துடிப்பை எண்ணுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் நாடி உருளுவது தெரியும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினாலோ, ஊசியின் வேகம் இருக்கும்போதே வலி திரும்பினாலோ, அது காத்திருக்கும் வலி அல்ல, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் வரும் முன் இரண்டாவது ஊசி போட வேண்டாம். அறுவை தேவைப்படும் வலியை அது மறைத்துவிடும்.

உங்கள் விவரத்தைப் படித்ததும் முதலில் சந்தேகப்பட வேண்டியது மணல். தரையில் சிந்திய தவிட்டையும் கொள்ளையும் குதிரை உதட்டால் துழாவித் தின்னும். கூடவே போகும் மணல் பெருங்குடலின் அடிப்பகுதியில் படிந்து, நாள்பட எடை கூடி, குடலின் உட்சுவரை உரசிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, சில நாள் லத்தி இளகிப் போகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். புதிதாக விழுந்த லத்தியில் தரையைத் தொடாத மேல் உருண்டைகள் 6 எடுங்கள். கண்ணாடி ஜாடியில் 1 லிட்டர் தண்ணீர் விட்டு, நன்றாக உடைத்துக் கலக்கி, 20 நிமிடம் அசையாமல் வையுங்கள். நார் மேலே நிற்கும், மணல் அடியில் படியும். மேலே இருப்பதை ஊற்றிவிட்டு அடியில் விரல் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். ஒரு டீஸ்பூன் அளவு தேறினால் சந்தேகம் உறுதிப்படுகிறது. ஒன்றும் தேறாவிட்டால் மணல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே தங்கிய மணல் தினமும் வெளியே வருவதில்லை. 5, 6 நாள் தொடர்ந்து பாருங்கள். முன்னங்கால்களுக்குப் பின்னால், மார்பெலும்பு முடியும் இடத்தில் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துச் சில நிமிடம் பொறுமையாகக் கேட்டால், கரையில் அலை வழிவது போன்ற ஓசை கேட்கலாம். தீர்மானமான பதில் வயிற்று எக்ஸ்ரேயில் கிடைக்கும்.

மணல்தான் என்றால் இசப்கோல் உமி கிலோ எடைக்கு 1 கிராம், அதாவது உங்கள் குதிரைக்கு நாளொன்றுக்கு 350 கிராம். லேசாக ஈரமாக்கிய தீனியில் பிசறி உடனே வையுங்கள், தாமதித்தால் கூழாகிவிடும், குதிரை தொடாது. இதோடு மக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து மூக்குக் குழாய் வழியாக மருத்துவர் கொடுப்பது இன்னும் நன்றாக வேலை செய்யும். தயவுசெய்து பாட்டிலால் வாயில் எண்ணெயோ பாரஃபினோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் குதிரை நிமோனியாவில் செத்துப்போகும். தீனியை ரப்பர் விரிப்பின் மேல் வைத்த தொட்டியில் போடுங்கள், சுற்றிலும் தினமும் கூட்டுங்கள். இதைச் செய்யாமல் இசப்கோல் மட்டும் கொடுத்தால் ஒரு பக்கம் மணல் வெளியேறும், மறுபக்கம் புகும்.

மணல் தேறவில்லை என்றால் நோட்டைத் திறங்கள். விடியற்காலையில், லத்தி சிறிதாகவும் கெட்டியாகவும் இருந்த நாளில்தான் வலி என்றால் வைக்கோலைப் பாருங்கள். பெருங்குடல் வளைந்து குறுகும் இடத்தில் காய்ந்த நார் அடைத்துக்கொள்கிறது. 350 கிலோ குதிரை நம் வெயிலில் 20 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். இரவு வாளி காலையில் வறண்டு கிடந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. வாயையும் பாருங்கள். பாதி மென்ற புல்லை உருட்டித் துப்பினாலோ, லத்தியில் நீளமான நாரும் முழுக் கொள்ளும் வந்தாலோ கடைவாய்ப் பல் கூராகியிருக்கிறது, அராவ வேண்டும்.

தீனி வைத்ததும், அல்லது 1, 2 மணி நேரத்தில் வலி என்றால் இரைப்பைப் புண்ணோ வாயுவோ இருக்கலாம். நார்த்தீனி இல்லாமல் வெறும் வயிறாக நிற்கும் குதிரைக்குப் புண் எளிதில் வரும். உறுதி செய்ய 16 மணி நேரம் பட்டினி போட்டு எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும். கொள்ளை வேகவைத்தே போடுங்கள். புதுத் தீனிக்கு மாறுவதை 10 முதல் 14 நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். குதிரைமசாலை மட்டுமே அள்ளிப் போடுவதும் நல்லதல்ல, குடலில் கல் உருவாக அது ஒரு காரணம்.

நேரம் காலம் இல்லாமல், வயிறு இரைந்துகொண்டு சின்னச் சின்ன வலியாக வந்தால் நாடாப்புழுவை நினையுங்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வாயில் அது கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். பலர் இடறும் இடம் இது: வழக்கமான குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் மட்டும் கொடுத்தால் நாடாப்புழு சாகாது, பிராசிகுவாண்டல் சேர்ந்த மருந்து வேண்டும். லத்திப் பரிசோதனையில் இதன் முட்டை பெரும்பாலும் தப்பிவிடும், அதனால் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நம்பிவிட வேண்டாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, எடைக்குக் கண்மதிப்பு போதாது. மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பின்புட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ எடை வரும்.

நொண்டலுக்காக ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்தைத் தொடர்ந்து கொடுத்திருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெருங்குடலில் புண் உண்டாக்கும் மருந்து அது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய இடத்துக்கு, குதிரையோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.