முழுக்கோழி ரோஸ்ட், எலும்பு சூப்: டெல்லி குளிருக்கு எதை வாங்கறது, எதை விடறது?

டிசம்பர் பொறந்தா நமக்கு வர்ற கேள்வில பாதி கோழி பத்தினது தான், மீதி பாதி ஹீட்டர். ஹீட்டர் அடுத்த வாரம். இந்த வாரம் கோழி.

கேள்வி (முனிர்கா): அக்கா, வாடகை வீடு, கேஸ் அடுப்பும் சின்னதா ஒரு மைக்ரோவேவும் தான் இருக்கு. குளிருக்கு முழுக்கோழி ரோஸ்ட் பண்ணி சாப்பிடணும்னு வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். ஓடிஜி (மேடை மேல வெக்கற கரன்ட் ஓவன்) வாங்கவா ஏர் ஃப்ரையர் வாங்கவா? கடைக்காரர் 40 லிட்டர் எடுங்கன்னு விடாம சொல்றார்.

பதில்: முதல்ல மைக்ரோவேவ்ல கன்வெக்‌ஷன்னு ஒரு பட்டன் (ஓவன் மாதிரி சூடு காத்துல வேக வெக்கறது) இருக்கான்னு பாருங்கம்மா. இருந்து, கோழி உள்ள போற அளவுக்கு இடமும் இருந்தா ஒண்ணும் வாங்கவே வேண்டாம், 200 டிகிரி வெச்சு ஒரு தடவை பண்ணிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க. இல்லன்னா ஓடிஜி. ஏர் ஃப்ரையர் பீஸ் பீஸா வறுக்க நல்லா இருக்கும், ஆனா சின்ன கூடை உள்ளதுல முழுக்கோழிய திணிச்சா மேல இருக்கற சூட்டுக் கம்பிக்கு ரொம்ப கிட்ட வந்து நெஞ்சு பக்கம் கருகி தொடை பக்கம் ரத்தமா இருக்கும்.

லிட்டர் கணக்க விடுங்க. 30 லிட்டர்னு போட்டிருக்கறது அகலமா தட்டையா இருந்தா உங்களுக்கு உதவாது. கடையிலயே கதவ திறந்து ட்ரேய கீழ் வரிசையில சொருகி, ட்ரேயில இருந்து மேல் கம்பி வரைக்கும் ஒரு ஜாண் இருக்கான்னு கைய விட்டு அளந்து பாருங்க. 1.2 கிலோ கோழி உக்காந்து மேல நாலு விரல் காத்து போக அவ்ளோ இடம் வேணும். ரெண்டு மூணு பேர் வீட்டுக்கு இது இருந்தா போதும், 40 லிட்டர் சமையல் மேடைய அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். சுத்தற கம்பி (ரோட்டிஸரி) வேணுமான்னா, நல்லா இருக்கும் தான், ஆனா கோழிய சரியா நடுவுல குத்தி நூல் கட்டலன்னா ஒரு பக்கமா தொங்கி மோட்டார் முனகும், அதுக்காக 2000 ரூபா அதிகமா குடுக்க மாட்டேன் நான். ஃபேன் இருக்கற மாடலுக்கு வேணா குடுப்பேன்.

இன்னொண்ணு கடைக்காரர் சொல்ல மாட்டார். 2000 வாட் ஓடிஜி கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், கிச்சன்ல மிக்ஸி சொருகற சின்ன 6 ஆம்பியர் பாயின்ட்ல போடவே கூடாது, பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் வேணும். டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டின பழைய ஃப்ளாட்னா கீஸருக்கு மட்டும் தான் அது இருக்கும், ஓனர் கிட்ட பேசி முதல்ல அத போட்டுக்கோங்க. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி சமாளிக்கலாம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. கரன்ட் பில் பயம் வேண்டாம், ஒன்னேகால் மணி நேரம் விடாம எரிஞ்சாலே ரெண்டரை யூனிட் தான், சூடு ஏறினதும் அது நடுநடுவுல தானா அணையறதால அதுக்கும் கம்மியா தான் ஆகும்.

கேள்வி (மயூர் விஹார்): கறிக்கடையில 1 கிலோ 800 கிராம் உயிர்க்கோழி நிறுத்து காசு குடுத்தேன், வீட்டுக்கு வந்து நிறுத்தா 1 கிலோ 200 தான் இருக்கு. ஏமாத்திட்டானா?

பதில்: இல்ல சார், கணக்கு சரியா தான் இருக்கு. ரத்தம், இறகு, குடல், தலை, கால், தோல் எல்லாம் போனா உயிர் எடையில ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு தான் கையில வரும். அதனால தான் ரேட் கேக்கும்போதே உயிரோடவா கறியாவான்னு கேக்கணும், ரெண்டுக்கும் போர்டுல வேற வேற ரேட் இருக்கும், உயிர் ரேட்ட பாத்து சீப்புன்னு சந்தோஷப்பட்டா இப்படி தான் ஆகும். நிறுக்கற மெஷின்ல எடை அளவைத் துறையோட சீல் இருக்கணும், தட்டு காலியா இருக்கும்போது பூஜ்யம் காட்டணும், கவரோட சேத்து நிறுத்தா தாராளமா கேளுங்க.

ஆனா நீங்க நிஜமா கோட்டை விட்டது வேற இடத்துல. ரோஸ்ட்டுக்கு தோல் வேணும் சார்! தோல் இருந்தா தான் கொழுப்பு உருகி வழிஞ்சு கறி காயாம இருக்கும், மேல மொறுமொறுன்னு வரும். இங்க பெரும்பாலான கடையில இறகோட தோலையும் ஒரே இழுப்புல உரிச்சு வீசிடுவாங்க, நம்ம ஊர்ல மஞ்சள் தடவி நெருப்புல வாட்டித் தர்ற மாதிரி யாரும் கேக்காம பண்ண மாட்டாங்க. "பையா, ஸ்கின் கே சாத், சாபுத்" (தோலோட, முழுசா)ன்னு கத்தி எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், சுடுதண்ணி போட்டு இறகு பிடுங்க கொஞ்சம் நேரமாகும், சில பேர் அதுக்கு தனியா காசும் கேப்பாங்க, குடுத்துடுங்க. அப்பறம் கர்தன், பஞ்ஜா, கலேஜி, அதாவது கழுத்து, கால், ஈரல் மூணையும் கேட்டு வாங்குங்க. உயிர் எடைக்கு காசு குடுத்த அப்பறம் அதெல்லாம் உங்களோடது தான், கடைக்காரர் அத வேற ஒருத்தருக்கு வித்துடறார், நீங்க சூப்புக்கு மறுபடி எலும்பு தேடி அலையறீங்க.

அந்த கோழிக்கால வெந்நீர்ல போட்டு மேல் தோல உரிச்சு, நகத்த வெட்டிட்டு, ரோஸ்ட் தின்னு மிஞ்சின எலும்புக்கூடு, கழுத்து, இஞ்சி, மிளகு, சீரகம் எல்லாத்தோடயும் குக்கர்ல ஒன்றரை லிட்டர் பச்சைத்தண்ணி ஊத்தி முதல் விசில் வந்ததும் சிம்ல அரை மணி விடுங்க. வடிகட்டி ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலைல அது தண்ணியா இருக்காது, கிண்ணத்த ஆட்டினா தளதளன்னு ஆடும், மேல மஞ்சளா கொழுப்பு ஏடு கட்டி நிக்கும், அத கரண்டியால வழிச்சு தனியா வெச்சுக்கிட்டா உருளைக்கிழங்கு வறுக்கலாம். கால் போடாம வெச்சா இந்த கெட்டி வராது.

கேள்வி (துவாரகா): ஆன்லைன்ல ஆர்டர் பண்ண ஃப்ரோசன் முழுக்கோழி பாதி உருகி தண்ணியா வந்துது. குளிர் காலம் தானே ஒண்ணும் ஆகாதுங்கறாங்க கஸ்டமர் கேர்ல. திரும்ப ஃப்ரீசர்ல வெச்சுக்கலாமா?

பதில்: வைக்காதீங்க. ஃப்ரோசன்னா மைனஸ் 18 டிகிரியில வந்து சேரணும், டெல்லி குளிர் பகல்ல 20 டிகிரி, அது கோழிக்கு கோடை தான் (ராத்திரி பால்கனில கறி வெக்கற பழக்கம் இருக்கறவங்களும் காலைல வெயில் ஏறினா என்ன ஆகும்னு யோசிங்க). டெலிவரி பையன் நிக்கும்போதே பிரிச்சு பாத்து திருப்பி குடுக்கறது நல்லது, அவர் போயிட்டா பாக்கெட், தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர், தேங்கின தண்ணி எல்லாம் தெரியற மாதிரி ஃபோட்டோ எடுத்து ஆப்லயே புகார் போடுங்க, ஃபோன்ல பேசினதோட விடாதீங்க. 2020 மின்வணிக (ஆன்லைன் விற்பனை) விதிப்படி அந்த கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள புகார் வந்துதுன்னு பதில் சொல்லணும், 1 மாசத்துக்குள்ள தீத்து வெக்கணும். இல்லன்னா 1915, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம்.

நல்லபடியா உறைஞ்சு வந்தா ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல ஒரு நாள் முழுக்க வெச்சு உருக விடணும். நடுவுல ஐஸோட அடுப்புல ஏத்தினீங்கன்னா வெளிய வெந்திருக்கும், எலும்பு பக்கம் பச்சையா இருக்கும்.

கேள்வி (கரோல் பாக்): சூப் பவுடர் பாக்கெட்ல "எம்எஸ்ஜி சேர்க்கப்படவில்லை"ன்னு (அதான் அஜினோமோட்டோ) பெருசா போட்டிருக்கு, நம்பி வாங்கலாமா?

பதில்: பின்னாடி திருப்புங்க. சேர்மானம் எடை அதிகமானதுல இருந்து கம்மியானது வரைக்கும் வரிசையா போடணும்ங்கறது சட்டம். தக்காளி சூப்ல சோள மாவும் சர்க்கரையும் தக்காளிக்கு முன்னாடி நின்னா நீங்க வாங்கறது என்னன்னு புரிஞ்சுடும். 627, 631 இல்லன்னா 635ன்னு நம்பர் இருந்தா அதுவும் ருசி தூக்கறதுக்கு தான், கெடுதின்னு சொல்லல, எம்எஸ்ஜிக்கு பதிலா வேற பொருள், அவ்ளோ தான். உப்ப குறைக்க வேண்டியவங்க சோடியத்த பாருங்க, அதுவும் அது 100 கிராமுக்கா ஒரு கப்புக்கான்னு பாத்துட்டு. ஜனவரியில இங்க தக்காளி, செவப்பு கேரட், பட்டாணி எல்லாம் மலிஞ்சு கிடக்கும்போது பாக்கெட் எதுக்குன்னு தான் எனக்கு தோணுது.

கேள்வி (ஆர்.கே.புரம்): கோழி வெந்துடுச்சான்னு பாக்க தெர்மாமீட்டர் விக்கறாங்க, வீண் செலவா?

பதில்: இந்த பட்டியல்லயே உருப்படியான செலவு அது தான், சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். தொடையோட தடிமனான இடத்துல எலும்புல படாம குத்துங்க, 74 டிகிரி காட்டினா எடுத்துடலாம். 1.2 கிலோ கோழி 190 டிகிரியில ஒரு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம் ஆகும். வெளிய எடுத்து 10 நிமிஷம் ஆற விட்டு வெட்டுங்க, ட்ரேயில தேங்கின சாற கொட்டிடாதீங்க, சூப்புல ஊத்துங்க.