கோயிலுக்கு போனியான்னு அம்மா கேட்டா என்ன சொல்ல? ஹாஸ்டல் பிள்ளேளு கேட்டதும் நான் சொன்னதும்

பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல 11 வருஷமா சாப்ளின் வேலை பாக்கேன், பிள்ளேளோட மனக்கஷ்டத்த கேட்டு, ஜெபிச்சு, கூட நிக்கிற வேலை, அதுக்கு முன்ன அங்கனயே தமிழ் டீச்சர். கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய வந்துட்டு, முடிஞ்ச அளவு பதில் போடுதேன். யாரு பேரும் போடல.

அக்கா, நான் நாசரேத் பக்கம். ஹாஸ்டலுக்கு வந்து நாலு மாசமா ஒரு ஞாயிறு கூட கோயிலுக்கு போகல. அம்மா போன்ல கேட்டா போனேம்மான்னு பொய் சொல்லுதேன். எனக்கு விசுவாசம் போயிட்டா?

போகல தம்பி. ஊர்ல ஆச்சி எழுப்பி விடுவா, மணி அடிக்கும், கொயர்ல நம்ம இடம் காலியா கெடந்தா ஆராதனை முடிஞ்சு நாலு பேரு கேப்பாங்க, இங்க எழுப்ப ஆள் இல்ல, அவ்வளவுதான். ஆனா அந்த பொய்ய விடுங்க, அதுதான் உங்கள அரிக்கு. "போகலம்மா, தூங்கிட்டேன்"னு ஒரு தடவ சொல்லுங்க, ஏசுனா ஏசட்டும். அப்புறமா ஒரு நாள் ஊசிக்கோபுரத்துல, 1826ல இருந்து நிக்கிற கோயில்லா அது, கடைசி பெஞ்சுல போய் சும்மா உக்காந்துட்டு வாங்க.

நான் ஆர்.சி. ஃபாதர்ட்ட மனசுவிட்டு சொன்னா ஹெச்.ஓ.டி. காதுக்கு போயிருமோன்னு பயமா இருக்கு.

பாவசங்கீர்த்தனத்துல, அதான் ஃபாதர்ட்ட பாவத்த அறிக்கை பண்ணுற சடங்குல, சொன்னது யாருக்கும் போகாது, போலீஸ் கேட்டாலும் கோர்ட் கேட்டாலும் குருவானவர் வாய் திறக்கக் கூடாதுன்னு திருச்சபை சட்டமே இருக்கு. ரூம்ல உக்காந்து பேசுறது வேற. அதையும் நாங்க வெளிய சொல்ல மாட்டோம், ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உங்கள்ட்ட சொல்லிட்டு இன்னொருத்தர கூப்பிடுவோம். பேச முன்னாடியே "இது எதுவரைக்கும் ரகசியம்?"னு கேட்டுருங்க, கேட்டா ஒருத்தரும் கோவப்பட மாட்டாங்க.

நான் இந்து பொண்ணு, ஊரு சுத்தமல்லி. உங்கள வந்து பாக்கலாமா? மதம் மாத்திருவாங்கன்னு வீட்டுல பயப்படுதாங்க.

தாராளமா வாங்கம்மா. வீட்டுல பயப்படுறதும் நியாயந்தான், அவங்கள தப்பா நினைக்காதீங்க. மனசு ஒடஞ்சு வந்த பிள்ளைட்ட மதத்த பேசுறது எனக்கு கூடவே கூடாத காரியம். சாப்ளின்ங்குற பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? 4ஆம் நூற்றாண்டுல மார்ட்டின்னு ஒரு ரோமப் படைவீரர், குளிர்ல நடுங்குன பிச்சைக்காரருக்கு தன் போர்வைய வாளால ரெண்டா வெட்டி பாதிய குடுத்தாராம். மிச்ச துணிய பிற்காலத்துல பத்திரமா வச்சு காத்தவங்களுக்கு லத்தீன்ல வந்த பேருதான் இது. குடுத்த அன்னைக்கு அவருக்கே ஞானஸ்நானம் ஆகல, அத நான் அடிக்கடி நினைச்சுக்கிடுவேன்.

ஈ.யூ., எஸ்.சி.எம்., ஐக்கஃப், எதுல சேரலாம்?

ஐக்கஃப் கத்தோலிக்க மாணவர் இயக்கம், 1924ல இருந்து இருக்கு. எஸ்.சி.எம்.ன்னா மாணவர் கிறிஸ்தவ இயக்கம், 1912ல இருந்து இருக்கு, சமூக நீதி பேச்சு அங்க அதிகம். ஈ.யூ.ன்னா 1954ல ஆரம்பிச்ச யூ.இ.எஸ்.ஐ.ங்குற சுவிசேஷ மாணவர் அமைப்போட காலேஜ் குழு, வேத ஆராய்ச்சிதான் அங்க முக்கியம். ரெண்டு மூணு வாரம் போய் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எந்தக் குழுவா இருந்தாலும் ஸ்காலர்ஷிப் பணத்துல தசமபாகம், அதான் பத்துல ஒரு பங்கு காணிக்கை, கேட்டாலோ, வீட்டுல பேசாதன்னு சொன்னாலோ அன்னைக்கே வெளிய வந்துருங்க.

மூணு அரியர் அக்கா. தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல. ஒனக்குள்ள பாவம் இருக்கு, உபவாசம் இருன்னு ப்ரேயர் குரூப் அண்ணன் சொல்லுதாங்க.

உபவாசம் வேண்டவே வேண்டாம் மக்கா. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்து, போதும் ஆண்டவரே, சாகணும்னு சொன்னப்ப தேவதூதன் பாவத்த பத்தி ஒரு வார்த்தை கேக்கல, சுட்ட அடையும் தண்ணியும் வச்சு, எந்திச்சு சாப்பிடுன்னுதான் சொன்னான், சாப்பிட்டு மறுபடியும் தூங்க விட்டான். மொதல்ல மெஸ்ல ரெண்டு இட்லியாவது சாப்பிடுங்க, நாளைக்கே ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு போங்க, தனியா போக சங்கடமா இருந்தா நான் கூட வாரேன். ராத்திரி மனசு தாங்கலேன்னா 14416ங்குற மனநல உதவி நம்பருக்கு போன் போடுங்க, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். மாத்திரை போட்டா விசுவாசம் கொறஞ்சு போவாது.

அம்மா தவறி ரெண்டு மாசம் ஆகுது. எல்லாம் தேவ சித்தம்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்கு கடவுள் மேல கோவந்தான் வருது. நான் ஜெபிக்கவே இல்ல.

தாயி, நானும் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பிள்ளைட்ட தேவ சித்தம்னுதான் சொன்னேன், அவ எந்திச்சு போனவ திரும்ப வரல, இன்னைக்கும் அது என் மனசுல கெடக்கு. பெறகு ஒரு பையன் வந்தான், அவன் அப்பா இறந்து இருபது நாள். மடியில ஜவுளிக்கடை கட்டப்பை, அத பிடிச்சுக்கிட்டே முக்கா மணி நேரம் ஒண்ணும் பேசல, நானும் பேசல. கடைசியில பைய பிரிச்சு, "அப்பா சட்டை அக்கா, துவைக்கல, வாசம் போயிரும்"னான். அன்னைக்கு நான் ஜெபம் கூட பண்ணல, டீ வாங்கி குடுத்து ஹாஸ்டல் வாசல் வரைக்கும் நடந்து போய் விட்டுட்டு வந்தேன். மறு வாரமும் வந்தான்.

கோவப்படுங்க, ஆண்டவர்ட்டயே கோவப்படுங்க. சங்கீதம் 88 எடுத்து வாசிங்க, கடைசி வரி வரைக்கும் ஆறுதலே வராது, இருட்டுலயே முடியும், அதையும் ஜெபம்னுதான் வேதத்துல வச்சிருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல நான் ரூம்லதான் இருப்பேன். அம்மாவுக்கு பிடிச்ச பாமாலைப் பாட்டு எதுன்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்கு பாட வரலேன்னா நான் பாடுதேன்.