தாத்தாவின் ஏர் கன் எந்த மாடலாக இருக்கும்?

கேள்வியின் சுருக்கம்: கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்த தாத்தாவுக்கு, 1960களில் ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒரு ஏர் கன்னைக் கொடுத்துவிட்டுப் போனார். குழல் மடங்காது. முன்கட்டையின் அடியிலிருந்து ஒரு லீவர் பிரிந்து இறங்கும். மேலே திறக்கும் சின்னக் குழியில் குண்டைப் போட்டு, பக்கத்தில் இருக்கும் சிறு பிடியைக் கட்டைவிரலால் தள்ளுவார். உலோகத்தில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த படம். சுட்டால் லேசாகப் புகை வரும். சித்தப்பா அதை டயானா என்கிறார், அத்தை வெப்லி என்கிறார். எது சரி?

இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வது பிஎஸ்ஏ ஏர்ஸ்போர்ட்டர்.

பழைய ஏர் கன்களில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. இப்படி யாராவது கேட்டால் பிராண்ட் பெயரை நான் முதலில் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு எல்லா ஏர் கன்னும் டயானாதான். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்பதையும் நம்ப முடியாது. பத்து வயதுப் பையன் தூக்கினால் எதுவும் பீரங்கிதான். "அந்தத் தென்னை மரத்து உச்சியில் இருந்த காக்காயை..." என்று தொடங்கும் கதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் எதை இழுத்தார், குண்டை எங்கே போட்டார், எந்த விரலால் மூடினார் என்பதை மட்டும் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள். உங்கள் கேள்வியிலும் அதுதான் உருப்படியான பகுதி.

குழல் மடங்காது என்றதுமே பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. நம் நாட்டில் அதிகம் புழங்கியது குழலைக் கீழே மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. சிமெண்ட் குழாய்க்குப் பேர்போன இந்தியன் ஹியூம் பைப் கம்பெனிகூட ஏர் ரைபிள் செய்து விற்றது, தெரியுமா?

மிச்சம் இருப்பது அடியில் லீவர் உள்ள வகை. இதில்தான் உங்கள் அத்தையின் வெப்லிக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. வெப்லி மார்க் 3 என்ற துப்பாக்கி 1947 முதல் இங்கிலாந்தில் வந்தது. அதிலும் குழல் அசையாது, அதிலும் மேலே குண்டு போடும் குழி உண்டு. ஆனால் அதன் லீவர் குழலுக்கு அடியில் இன்னொரு கம்பி போல வெளியே தெரியும். குழியையும் கையால்தான் திருப்பித் திறக்க வேண்டும். போருக்கு முந்தைய பிஎஸ்ஏ துப்பாக்கிகளும் ஏறத்தாழ இப்படித்தான். 1948இல் வந்த ஏர்ஸ்போர்ட்டரில் இந்த இரண்டையும் மாற்றினார்கள். லீவர் முன்கட்டையின் மரத்துக்குள் ஒளிந்துகொண்டது. சும்மா பார்த்தால் வேட்டைத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். லீவரை இழுக்கும்போதே குழியும் தானாகத் திறந்துகொள்ளும். "கட்டையிலிருந்து பிரிந்து இறங்கும்", "மேலே திறக்கும்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டு சொற்களே போதும்.

அந்தக் குழியின் வேலை எளிது. உள்ளே உருளை போன்ற ஒரு திருகாணி, அதன் குறுக்கே ஒரு துளை. துளை மேலே பார்க்கும்போது குண்டைத் தலைகீழாகப் போட வேண்டும். திருகாணி கால் சுற்று சுற்றியதும் குண்டின் மூக்கு குழலைப் பார்த்து நிற்கும். தாத்தாவின் கட்டைவிரல் செய்தது அந்தக் கால் சுற்றைத்தான்.

படமும் பொருந்துகிறது. மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாக நிறுத்தியது பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ், அதாவது பிஎஸ்ஏவின் முத்திரை. 1861இல் தொடங்கிய துப்பாக்கிக் கம்பெனி. பிறகு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் செய்த பிஎஸ்ஏ எஸ்எல்ஆரில் பள்ளிக்கூடம் போனவர்கள் அந்தப் பெயரை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். டயானாவின் முத்திரையோ வேட்டைத் தெய்வமான பெண் ஒரு துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து நிற்பது. அதிலும் ஒரு குழப்பம் உண்டு: இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டயானாவின் இயந்திரங்களும் பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனிக்குப் போய்விட்டன. ஜெர்மனியில் இருந்த அசல்காரர்கள் பிரிட்டனில் 'ஒரிஜினல்' என்று பெயர் வைத்து விற்க வேண்டியதாயிற்று. டயானா என்று பொறித்திருந்தாலே எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்ல முடியாத காலம் அது.

புகை வந்ததால் வெடிமருந்தோ என்று பயப்பட வேண்டாம். பிஸ்டன் காற்றை நொடிக்குள் அமுக்கும்போது சூடு ஏறும். சிலிண்டரில் எண்ணெய் அதிகமாக இருந்தால் அது பற்றிக்கொள்ளும். டீசல் என்ஜினில் நடப்பதேதான். தாத்தா எண்ணெய் விடுவதில் தாராளமானவர் போல.

எந்த ஆண்டு, எந்த மார்க் (அதாவது அந்த மாடலின் எத்தனையாவது வடிவம்) என்பதை நினைவை வைத்துச் சொல்ல முடியாது. துப்பாக்கி உறவினர் யார் வீட்டிலாவது இருந்தால் அதன் எண்ணைப் படம் எடுங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் ஆங்கில எழுத்துகளில் மார்க்கும் குண்டின் அளவும் அடங்கியிருக்கும். ஆர்வத்தில் குண்டு போடாமல் சுட்டுப் பார்க்காதீர்கள். பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக நிற்கும் காற்று சுலபமாக வெளியேறிவிடும், பிஸ்டன் நேராகப் போய் மோதும். பழைய ஸ்பிரிங் அதைத் தாங்காது.

அப்புறம் சட்டம். 2016 ஆயுத விதிகளில் ஏர் கன்னுக்கு 4.5 மி.மீ. குழல், 20 ஜூல் ஆற்றல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏர்ஸ்போர்ட்டர் .177, .22 இரண்டிலும் வந்தது. முதலாவது 4.5 மி.மீ., இரண்டாவது 5.5 மி.மீ. உங்களுடையது .22 என்று தெரிந்தால், விற்பதற்கோ வேறு ஊருக்கு எடுத்துப் போவதற்கோ முன்னால் விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.