சொல்லாமல் விடும் பிள்ளைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 14 வயது, மகளுக்கு 8. குழந்தைகளுக்கு நடக்கும் பாலியல் கொடுமைகளைச் செய்திகளில் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. மகளுக்கு நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தெரியாதவர்களிடம் பேசாதே என்றும் சொல்லியாயிற்று. மகனைப் பற்றி அந்தக் கவலை இல்லை, ஆண்பிள்ளை, சமாளித்துக்கொள்வான். ஆனால் எந்நேரமும் போனில் யார் யாருடனோ விளையாடுகிறான். அவனுக்குத் தெரியாமல் ஒரு கண்காணிப்பு ஆப் போட்டுவிடலாமா?

இன்னொன்று. அடிக்கடி வீட்டுக்கு வரும் நெருங்கிய உறவினர் ஒருவர் மடியில் உட்காரக் கூப்பிட்டால் மகள் சில வாரங்களாக மறுக்கிறாள். பெரியவர்களிடம் இப்படியா நடந்துகொள்வது என்று மனைவி கண்டிக்கிறாள். கண்டிப்பது சரிதானா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் ‘இன்னொன்று’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மகள் மறுத்தால் விட்டுவிடுங்கள். மனைவியிடம் இன்றே பேசுங்கள்.

மறுப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். மீசை குத்தும், சிகரெட் வாடை பிடிக்காது, தான் வளர்ந்துவிட்டோம் என்ற நினைப்பு வந்திருக்கும். இதை மட்டும் வைத்து அந்த மனிதரைச் சந்தேகக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனாலும் ஒருவரிடம் மட்டும், அதுவும் திடீரென்று என்றால் பெற்றவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவருடன் மகளைத் தனியே விடாதீர்கள். ஏதோ வேலையாக இருக்கும்போது, “அவர் வந்தா உனக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “அங்கே தொட்டாரா, இப்படிச் செய்தாரா?” என்று பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்கக் கூடாது. பின்னால் விசாரணை என்று வந்தால் அப்பா சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள் என்பார்கள்.

குழந்தைகளைச் சீரழிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். உறவினர், ஆசிரியர், பயிற்சியாளர், குடும்ப நண்பர், சில நேரம் வயதில் மூத்த இன்னொரு பிள்ளை. விழிப்புணர்வுச் சுவரொட்டியில் மட்டும் இன்னும் இருட்டில் நிற்கும் முகமில்லாத ஆளையே வரைந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, தன்னைக் கொஞ்சுகிற மாமாவைப் பற்றிப் புகார் சொல்லலாம் என்று எப்படித் தோன்றும்?

அப்படிப்பட்டவர் முதலில் பெற்றோரின் நம்பிக்கையைத்தான் சம்பாதிப்பார். உதவுவார், பரிசு வாங்கித் தருவார், “நீங்க போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கிறேன்” என்பார். பிறகு குழந்தையிடம் ஒரு சின்னச் சோதனை. அம்மா வேண்டாம் என்ற மிட்டாயைக் கொடுத்து, “நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்பார். குழந்தை அன்றே வீட்டில் போட்டு உடைத்துவிட்டால் பலர் பின்வாங்கிவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் அடுத்த ரகசியம் இன்னும் கொஞ்சம் பெரியது. ஆகவே, பெரியவர் யாராவது ரகசியம் காக்கச் சொன்னால் அதை வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துவிடுங்கள். பிறந்தநாள் பரிசை மறைத்து வைப்பது வேறு, அது நாலு நாளில் எல்லோருக்கும் தெரியப்போவது.

தொடுதல் பாடம் தவறில்லை, போதாது. எல்லா அத்துமீறலும் வலிப்பதில்லை. விளையாட்டாக, கிச்சுகிச்சு மூட்டுவதாக, குளிப்பாட்டுவதாகத் தொடங்கும். உடம்பு கூசிச் சிரித்தும் விடும். ‘எனக்கே பிடித்ததோ, அப்படியென்றால் நான்தான் கெட்டவளோ’ என்று குழந்தை குழம்பி நிற்பது இங்கேதான். அந்தரங்க உறுப்புகளைச் சுத்தம் செய்யவோ வைத்தியத்துக்கோ அல்லாமல் யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படமெடுக்கக் கூடாது, தங்களுடையதைக் காட்டவும் கூடாது. நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்யும் வேலையை 8 வயதின் தலையில் வைக்காதீர்கள்.

இப்படியொரு குற்றம் நடப்பதற்கு முன் தாண்ட வேண்டியவற்றை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபின்கெல்ஹோர் 1984இல் நான்கு தடைகளாகப் பிரித்துக் காட்டினார். குற்றம் செய்பவனுக்கு அந்த நாட்டம் இருக்க வேண்டும், தன் மனத்தின் தடையை மீற வேண்டும், குழந்தையைச் சுற்றியுள்ள காவலைத் தாண்ட வேண்டும், கடைசியாகத்தான் குழந்தையின் எதிர்ப்பு. நாம் பாடம் நடத்துவதெல்லாம் அந்தக் கடைசித் தடைக்கு. மூன்றாவது நம் பொறுப்பு. யாருடன், எங்கே, எவ்வளவு நேரம் பிள்ளை தனியே இருக்கிறது என்பது பெரியவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு.

இப்போது மகன். ஆண்பிள்ளை சமாளிப்பான் என்ற வரியை உங்களால் அடிக்க முடிந்தால் அடித்துவிடுங்கள். அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் பறிக்கும் மிரட்டலில் பெரும்பாலும் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. உங்கள் மகனின் வயதேதான். விளையாட்டிலோ சமூக ஊடகத்திலோ அவன் வயதுப் பெண் ஒருத்தி பேசத் தொடங்குவாள். பேச்சு வேறொரு செயலிக்கு மாறும். அவள் ஒரு படம் அனுப்புவாள், எங்கோ திருடிய படம். பதிலுக்கு ஒன்று கேட்பாள். அனுப்பிய சில நிமிடங்களில் மறுபக்கத்தின் குரல் மாறிவிடும். அவனுடைய நண்பர்கள் பட்டியலையே படமெடுத்து அனுப்பி, பணம் தராவிட்டால் எல்லோருக்கும் போகும் என்பார்கள். இப்போது படமே அனுப்பாத பிள்ளையின் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் ஆடையில்லாத உடலில் ஒட்டிவிடுகிறார்கள்.

அந்த நேரத்தில் அவன் யாரிடம் ஓடுவான்? “போனில் ஏதாவது தப்பு பண்ணினே, பிடுங்கி வைத்துவிடுவேன்” என்று நாம் மாதம் ஒருமுறை சொல்லி வைத்திருந்தால், மிரட்டுபவனுக்கு நாமே பாதி வேலையை முடித்துக்கொடுத்துவிட்டோம். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “யாராவது மிரட்டினா, நீ என்ன அனுப்பியிருந்தாலும் நேரா என்கிட்ட வா. திட்ட மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்.” சொன்னால் காப்பாற்றவும் வேண்டும். சின்னத் தப்புகளில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இதை நம்புவதா என்று முடிவுசெய்வான்.

அப்படி அவன் வந்து சொல்லிவிட்டால், பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மேலும் கேட்பார்கள். பேச்சை நிறுத்துங்கள், ஆனால் உரையாடலை அழிக்காதீர்கள். கணக்கின் பெயர், செய்திகள், பணம் கேட்ட விவரம் எல்லாம் ஆதாரம். அந்தரங்கப் படத்தை மட்டும் நகலெடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது, ஆதாரத்துக்கு என்றாலும். பல நாடுகளில் அதுவே குற்றம். காவல்துறையிடமும் அந்தத் தளத்திடமும் புகார் செய்யுங்கள், பிறகு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை நடத்துகிறது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது, பெயர் கொடுக்க வேண்டியதில்லை. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கணக்கிட்ட, கைரேகைபோல அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் போகும். அதை வைத்து, சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்கும். சேராத தளங்களில் பலிக்காது. எல்லாவற்றுக்கும் மேல், அந்த இரவு அவனைத் தனியே விடாதீர்கள். மிரட்டல் தொடங்கிய சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு.

மகளோ மகனோ எதைச் சொன்னாலும், “ஏன் அப்பவே சொல்லலை?” என்ற கேள்வி மட்டும் வாயில் வரக் கூடாது. பிள்ளைகள் தாமதமாகத்தான் சொல்வார்கள், துண்டுதுண்டாகச் சொல்வார்கள், பயந்து மாற்றியும் சொல்வார்கள். நம்புகிறேன், உன் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. அந்த ஆளிடம் நீங்களே போய்ச் சண்டை போடுவதும் வேண்டாம். ஆதாரம் அழியும், குழந்தை மேலும் பயப்படும். மருத்துவர், குழந்தைகள் உதவி எண், காவல்துறை, இதுதான் வழி.

ஆப் விஷயம் சுருக்கமாக. மகளின் கருவியில் எல்லாக் கட்டுப்பாடும் போடுங்கள். மகனின் போனில் அவனுக்குத் தெரியாமல் எதையும் போடாதீர்கள். கண்டுபிடிப்பான், இரண்டாவது கணக்கு தொடங்குவான், அதற்குள் நடப்பது உங்களுக்குத் தெரியவே வராது. அவனை உட்காரவைத்து, விளையாட்டில் அறிமுகமில்லாதவர்கள் செய்தி அனுப்பும் வசதியையும் நண்பர்கள் பட்டியல் வெளியே தெரிவதையும் சேர்ந்தே அணைத்துவிடுங்கள். இரவில் எல்லோருடைய போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்துத்தான்.