வீட்டில் தீ விபத்து வராமல் இருக்க நீங்கள் விடாமல் கடைப்பிடிக்கும் பழக்கம் எது?

கரண்ட் போனதும் மெழுகுவர்த்தியைத் தேட மாட்டேன். முதல் வேலையாக இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவேன்.

நான் இருப்பது யாங்கோனில். அப்பாவுக்கு அது இன்னும் ரங்கூன்தான். நகரத்துக்குள் பழைய கட்டடம், ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த நாலு மணி நேரம் இருக்காது. சில நாள் அந்தக் கணக்கும் தப்பும். மெழுகுவர்த்தி என்றால் எல்லாரும் உஷாராக இருப்போம். எங்கள் வீட்டில் தீப்பிடித்ததோ, கரண்ட் திரும்பி வந்தபோது.

காளியம்மன் கோவிலுக்குக் கிளம்பும் அவசரம். சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போச்சு. பெட்டியைக் கட்டில் மேல் மடித்துப் போட்டிருந்த போர்வையிலேயே படுக்க வைத்தேன். சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. இருட்டில் எது ஆன், எது ஆஃப் என்று யார் பார்த்தார்கள்? வாசல் இரும்புக் கிரில்லையும் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

எதிர்வீட்டு பர்மாக்கார அம்மாதான் புகை வாடை பிடித்து ஆட்களைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்திருக்கிறார். வாளியும் கையுமாக ஓடிவந்த பையன்களை நிறுத்திவைத்து, கீழே மீட்டர் பெட்டியில் எங்கள் மெயினை இறக்கிய பிறகுதான் தண்ணீர் ஊற்ற விட்டாராம். எரிகிற இடத்தில் மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் ஊற்றுகிறவருக்கே ஷாக் அடிக்கும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியிருக்குமா, தெரியாது. பாதிக் கட்டில் எரிந்ததோடு போனது. அம்மா அந்தக் கட்டிலைப் பற்றி ஒரு மாதம் பேசினார்.

இப்போது வீட்டை விட்டு இறங்கினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவோம். ஃபிரிட்ஜுக்கு மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லித் தனி லைன் இழுத்தாயிற்று.

அவர்தான் இன்னொன்றையும் பார்த்தார். இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தது சாமி மாடத்துக்கு நேர் கீழே. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். ஒரு பொறி போதும். மேலே நாங்கள் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்! மறுநாளே பேட்டரி காற்றோட்டமான பால்கனிப் பக்கம் போய்விட்டது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே சொல்: சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

யாங்கோனுக்குப் பக்கத்து ஊரான தன்லியினில் அத்தை வீடு மர வீடு. அங்கே வாசலில் நீளக் கொக்கிக் கழியும் தட்டுக் கழியும் மணல் பையும் வைத்திருக்க வேண்டும்: கொக்கி, பற்றிய கூரையை இழுத்துத் தள்ள, தட்டு, பறந்துவரும் பொறியை அடித்து அணைக்க. வெயில் காலத்தில் வார்டு ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மற்ற நாளில் அத்தை அந்தக் கழியில் துணி காயப்போடுவார். தீயணைப்புக்கு எண் 191, அதைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்.

இரவில் கிரில்லைப் பூட்டினால் சாவி உள்பக்க ஆணியில்தான் தொங்கும், தலையணைக்கு அடியில் போகாது. புதுப் பூட்டு வாங்கிய அன்றே இன்னொரு சாவியை எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டோம்.