முதலில் பல்லை எண்ணுங்கள்

நல்லூர்த் திருவிழாக் கடையில் மகளுக்கு லபுபு பொம்மை வாங்கினேன். ஒரிஜினல் என்றுதான் தந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் போலி என்கிறார்களாம். எப்படிப் பார்ப்பது?
(கொக்குவில்)

பல்லை எண்ணுங்கள். பொப் மார்ட் நிறுவனத்தின் லபுபுவுக்கு ஒன்பது பல். கூடினாலும் குறைந்தாலும் போலி. ஒன்பது சரியாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம்; போலி செய்பவர்களுக்கும் எண்ணத் தெரியும். பெட்டியில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கான் பண்ணி, திறக்கும் பக்கத்தின் முகவரி பொப் மார்ட்டினுடையதுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போலி என்றாலும் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். கண்ணையும் கையையும் மட்டும் இழுத்துப் பாருங்கள். கழன்றால், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

உள்ளே எந்தப் பொம்மை என்று தெரியாத பெட்டிகள் ஏழு வாங்கியும், அரிதாக வரும் 'சீக்ரெட்' பொம்மை வரவில்லை. கடைக்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா?
(திருநெல்வேலி)

கேட்க முடியாது. 72 பெட்டிக்கு ஒன்று என்பதுபோலப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. வாசித்துவிட்டு வாங்குங்கள்.

பேஸ்புக்கில் ஒருவருக்கு 45,000 ரூபாய் வங்கியில் போட்டேன். வந்தது வேறு பொம்மை. இப்போது என்னை பிளொக் பண்ணிவிட்டார். வீட்டில் சொல்லவும் பயமாக இருக்கிறது.
(சாவகச்சேரி)

தங்கச்சி, இதில் உங்கள்மேல் பிழை இல்லை, வீட்டில் சொல்லுங்கள். விளம்பரம், உரையாடல், காசு போட்ட சிட்டை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு இன்றைக்கே வங்கிக்குப் போங்கள், அப்புறம் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். அவர் இதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் நுகர்வோர் அதிகாரசபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். எழுத்து முறைப்பாடு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும்.

லிமிட்டெட் எடிஷன் பொம்மைகளில் இரண்டு லட்சம் போட்டிருக்கிறேன். விலை ஏறும் என்கிறார்கள். நகையை அடகு வைத்து இன்னும் வாங்கலாமா?
(சுன்னாகம்)

வேண்டாம். நகையில் கை வைக்காதீர்கள்.

யார் 'என்கிறார்கள்'? விற்பவர்கள்தானே! ஒருவர் கேட்கும் விலை வேறு, இன்னொருவர் காசு எண்ணிக் கொடுத்த விலை வேறு. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று பத்து லட்சம் யுவானைத் தாண்டிப் போனது உண்மை. அதே மாதம் நிறுவனம் சரக்கைக் கூடுதலாக விட்டதும் சாதாரண லபுபுக்களின் கைமாற்று விலை சரிந்ததும் உண்மை. முதல் செய்தியை எல்லோரும் பகிர்ந்தார்கள், இரண்டாவதை விற்பவர் எவரும் சொல்லவில்லை. இன்னொரு பொம்மை நிறுவனமான ஃபங்கோ 2023இல் களஞ்சியத்தில் இடமில்லாமல் மூன்று கோடி டொலருக்கு மேற்பட்ட சரக்கைக் கழித்துக் கட்டப்போவதாக அறிவித்தது. அருமையான பொருள் என்று நாம் அலுமாரியில் பூட்டி வைப்பதை, செய்தவர்களே குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

எத்தனை செய்தார்கள் என்று சொல்லாத 'லிமிட்டெட்' என்ன லிமிட்டெட்? கொழும்பில் நான் வாங்கிய சிலையொன்றின் சான்றிதழில் 137 என்று பொன் மையில் இருந்தது. எத்தனையில் 137 என்ற இடம் வெறுமை. விற்ற கடையே அதைப் பாதி விலைக்கும் திரும்ப எடுக்கவில்லை. இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. மொத்த எண்ணிக்கை அச்சில் இல்லாவிட்டால் சாதாரண விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பொம்மையின் பெட்டியைத் திறந்தால் பெறுமதி போய்விடுமா?
(சுண்டுக்குளி)

குறையும். விற்கப்போவதில்லையே, திறவுங்கள். யன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள், நிறம் மங்கும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த பொம்மை நாளாக ஆகப் பிசுபிசுக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர விடுங்கள்.