திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம்: அப்பா அம்மாவைத் தரங்கம்பாடியில் கடலோரச் சின்ன விடுதியில் தங்க வைக்கலாமா?

தாராளமாகத் தங்க வைக்கலாம். ஆனால் கீழ்த்தள அறை கிடைத்தால் மட்டும்.

அண்ணனோ தம்பியோ "கோயில் பக்கத்திலேயே ஏசி ரூம் இருக்கும்போது அங்கே எதற்கு" என்று கேட்டிருப்பார். அதனால்தான் நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. எட்டு வருடம் ஆகியும் என் பெரியப்பா "பொண்ணு எங்களைப் பழைய பங்களாவில் கொண்டுபோய்ப் போட்டுச்சு" என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்கிறார். அவர் அங்கே தங்கியதே இல்லை. மதியம் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்.

அப்பாவுக்கு மாசி மாதம் பூரம். அதனால் முதல் நாள் சாயங்காலம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாசி மகம், பௌர்ணமி. விடுதி என்றால் ஆறேழு அறைகள் உள்ள ஒரு பழைய வீடு. கனத்த சுவர், உயரமான கூரை, எதிரே கடல், பக்கவாட்டில் டேனிஷ் கோட்டை. காட்சி நன்றாக இருக்கும் என்று மாடி அறையை எடுத்திருந்தேன். அதுதான் நான் செய்த தவறு. பழைய வீடுகளில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், ஒவ்வொரு படியும் உயரம். அம்மாவுக்கு மூட்டுவலி. நடுப்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, நாளைக்கு மணையில வேற உட்காரணுமே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழ் அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. விடுதியைப் பார்த்துக்கொள்பவர் பேசாமல் தன்னுடைய அறையைக் காலி செய்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டுக் கொடுத்தார். பெரிய ஓட்டலில் யார் செய்வார்கள் இதை?

(அவரிடம் நான் காசு வாங்கிக்கொண்டு எழுதவில்லை. அதற்காகவே விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.)

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. கடலை ஒட்டிய இடத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, ஏசி சத்தம் போட்டது. குழாய்த் தண்ணீர் சற்று உப்பு, சோப்பு நுரைக்காது. துவைத்துப் போட்ட துண்டு காலையிலும் ஈரமாகவே இருந்தது. பட்டுப்புடவையைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள், காற்றில் பிசுபிசுத்துவிடும். இதையெல்லாம் குறை என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கடல் பக்கத்தில் வேண்டும், ஆனால் கடல்காற்று வேண்டாம் என்றால் எப்படி?

ராத்திரி கரண்ட் போனது. எல்லாரும் திண்ணைக்கு வந்தோம். நிலா கடலுக்கு மேல் நன்றாக ஏறியிருந்தது. அப்பா அபிராமி பட்டர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தை அமாவாசை அன்று பட்டர் வாய்தவறிப் பௌர்ணமி என்று சொன்னதும், அம்பாள் தோட்டை வீசி வானத்தில் நிலவைக் காட்டியதும் எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அப்பா கதை சொல்லி நான் கேட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். கரண்ட் எப்போது வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அபிஷேகம், தாலிகட்டு எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பினார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் திரும்பி வந்தோம். அம்மா மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போகவேண்டும் என்றாள். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில், கடல் அரித்து அரித்து முன்பக்கம் போய்விட்டது. மிச்சம் இருப்பதைக் கருங்கல் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அம்மா அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்பாவுக்கு வேறொரு வேலை இருந்தது. அவர் மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் கம்போசிட்டர். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்த விரல்கள். ராஜ வீதியில், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அந்தப் பாதிரியாரின் கல்லறை இருக்கிறது, அதைப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706இல். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள் என்று போனில் படித்துச் சொன்னேன். அப்பா தலையாட்டினார். "எழுத்து பெரிசா இருந்தா பேப்பரைத் தின்னுடும் பாப்பா. எங்க மொதலாளியும் இதைத்தான் கத்துவார்" என்றார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பொறுக்குவதுபோல அசைந்துகொண்டே இருந்தன.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் வந்ததும் அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முப்பது வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம். எழுத்துகளை எடை போட்டுப் பழைய ஈயமாக விற்றார்கள். அப்பா அதன்பிறகு ஒரு துணிக்கடையில் பில் போட்டார், ஒருநாளும் புலம்பியதில்லை. தமிழ் அச்சின் பெருமை பேசுகிற கூட்டங்களில், கோத்துக் கோத்துக் கண் மங்கிய இவர்களைப் பற்றி யாராவது ஒரு வரி சொல்லியிருக்கிறார்களா? நான் கேட்டதில்லை.

"வெள்ளைக்காரன் ஊருக்கு விளம்பரமா" என்று யாராவது வருவீர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் இடம் கொடுத்தார், டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு முன்பும் பின்பும் அது நம் மீனவர்களின் ஊர். 2004 சுனாமியில் உயிர்களைக் கொடுத்த ஊர். அங்கே போய்த் தங்கினால் நாலு பேருக்குப் பிழைப்பு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், மழையும் புயலும் சேர்ந்தால் வயதானவர்களோடு மாட்டிக்கொள்வீர்கள். தை, மாசி அருமை. சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லவேண்டும், சின்ன இடங்களில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் சமைப்பார்கள். விசேஷத்துக்கு முன்பு சைவம் மட்டும் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிய ரயில் 1986இலேயே நின்றுவிட்டது. அப்பா வாலிபத்தில் அதில் ஏறித்தான் கடல் பார்க்கப் போவாராம். இப்போது வண்டிதான் வழி. திருக்கடையூர் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தாலும் விடிவதற்கு முன்பே கிளம்பவேண்டியிருக்கும், முந்தின நாளே வண்டிக்காரரிடம் பேசி விடுதியிலேயே படுக்கச் சொல்லுங்கள். கடலில் இறங்கிக் குளிக்க விடாதீர்கள், கரையெல்லாம் பாறாங்கல்.

விசேஷம் முடிந்த கையோடு கிளம்பாமல் இரண்டாவது ராத்திரியும் தங்குங்கள். முதல் ராத்திரி முழுக்க நாளைய வேலைக் கவலையிலேயே போய்விடும்.

இன்னும் இரண்டு வருடத்தில் அப்பாவுக்கு எழுபது, பீமரத சாந்தி. அதே விடுதியில் கீழ் அறை வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.